தெத்தாவின் மஞ்சள் விளக்கு

டொக்கும் என்ற ஊருக்கு வெளியே, கால்வாய்க் கரையில் இருந்த அந்த வீட்டில், வாஷிங் மெஷினுக்கும் பின்கதவுக்கும் நடுவே ஓர் ஆள் உட்கார இடம் இருந்தது. அந்த இடத்தில் உட்கார்ந்துதான் தெத்தா சில குளிர்காலங்களாகக் கணினி செய்துகொண்டிருந்தாள்.

பிழைப்புக்கு அவள் ஓட்டியது பால் டேங்கர். விடிவதற்குள் கிளம்பி, பண்ணை பண்ணையாகப் போய், குழாயை மாட்டுவதற்கு முன் தொட்டி மூடியைத் திறந்து மோந்து பார்ப்பாள். வாடை சரியில்லை என்றால் அந்தப் பாலை எடுக்கக் கூடாது. ஒருமுறை சொந்த அக்கா வீட்டுப் பாலையே வேண்டாமென்று சொல்லிவிட்டு வந்தவள். அக்கா அந்தக் கோடை முழுவதும் அவளோடு பேசவில்லை. அடுத்த கோடையில் பேசினாள். இருவருமே அந்த நாளைப் பற்றி எதுவும் சொல்லிக்கொள்ளவில்லை. அந்தப் பக்கத்து மனிதர்கள் அப்படித்தான்.

மதியம் வண்டியைக் கழுவி நிறுத்திவிட்டு வந்தால் மிச்சப் பகல் அவளுடையது. இப்போது செய்துகொண்டிருந்த கணினி ஒரு ரொட்டித் துண்டின் அகலம்தான் இருக்கும். அதன் நடுவில் இருந்த சிப்பைப் பழைய கணினிப் பிரியர்கள் ‘நூற்றெண்பது’ என்பார்கள். தெத்தா பள்ளிக்கூடம் போன காலத்து வீட்டுக் கணினிகளில் இருந்தது ‘எண்பது’. புதியது பழையதன் மொழியையே பேசும், பல மடங்கு வேகமாகப் பேசும். பழையதற்கு எழுதியதெல்லாம் இதிலும் ஓடும் என்பது எல்லோரும் சொல்லும் பேச்சு. ‘எல்லாம்’ என்ற சொல் வரும் இடத்தில் கொஞ்சம் நின்று யோசிப்பது நல்லது. தெத்தா யோசிக்கவில்லை.

அவளைப் பெரிய கைகாரி என்று சொல்ல முடியாது. கம்பிகளைப் பொருத்த அவள் ஈயம் வைத்த இடங்கள் பார்க்க அழகாக இருக்காது. சில இடங்களில் சேறு தெறித்ததுபோல் இருக்கும். ஆனால் விட்டுப்போகாது. ஒரு வேலை புரியாவிட்டால் புரிந்ததுபோல் நடிக்க மாட்டாள் என்பதையும் அவள் கணக்கில் வரவு வைக்கலாம். அதற்கு மேல் வேண்டாம்.

அவளுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. பழைய கணினிப் பிரியர்களின் கிளப் ஒன்று நவம்பரில் ஒரு சனிக்கிழமை ஊர் மண்டபத்தில் கூடும். அங்கே நடுக்கூடத்தில் ஒரு நீள மேசை உண்டு. அதில் வைத்த கணினிகள் நாள் முழுவதும் ஓடிக்கொண்டிருக்கும். வருகிற எவரும் உட்கார்ந்து என்ன வேண்டுமானாலும் செய்யலாம். புதிதாக ஒன்றைச் செய்துகொண்டு வருபவர், அது அந்த மேசைக்குப் போவதற்கு முன், இரண்டு கைகளையும் கோட்டுப் பையில் விட்டுக்கொண்டு ஓரமாக நிற்க வேண்டும். இன்னொரு உறுப்பினர் தன் புரோகிராம் ஒன்றை, ஓர் எழுத்தும் மாற்றாமல், அதில் ஓட்டிப் பார்ப்பார். கேள்வி கேட்டால் செய்தவர் பதில் சொல்லலாம். தொடக் கூடாது. தேறாவிட்டால் கணினி ஜன்னலோர மேசைக்குப் போகும். அவமானம் ஒன்றும் இல்லை. குளிர்காற்று அடிக்கும், அவ்வளவுதான்.

போன வருடம் தெத்தாவின் முந்தைய கணினியின் போர்டில் ஒரு இணைப்பு தளர்ந்திருந்தது. திரை நடுங்கியபோது அவளுடைய வலது கை அவளைக் கேட்காமலே பையிலிருந்து வெளியே வந்து அதை அழுத்திப் பிடித்துவிட்டது. ஜன்னலோரம் போனாள். தான் செய்த பொருளைத் தன் கை இல்லாமல் இன்னொருவர் பயன்படுத்தி அவள் ஒருநாளும் பார்த்ததில்லை. இந்த வருடம் பார்த்துவிட வேண்டும்.

சோதித்துப் பார்ப்பவர் பெரும்பாலும் ஹோட்ஸெதான். ஓய்வுபெற்ற மாட்டு வைத்தியர். வாலிபத்தில் அவர் எழுதிய ஒரு விளையாட்டுதான் அவருடைய உரைகல். பதினோரு ஊர் சுற்றிவரும் பனிச்சறுக்குப் பந்தயம். கால்வாய்கள் போதிய அளவு உறையாததால் அந்தப் பந்தயம் பல வருடங்களாக நடக்கவில்லை. ஹோட்ஸெயின் புரோகிராமில் மட்டும் அது தினமும் நடந்துகொண்டிருந்தது. கிளப்பில் எல்லோரிடமும் அதன் பிரதி உண்டு, தெத்தாவிடமும் உண்டு.

அவளுடைய கணினியில் அது வேகத்தில் தறிகெட்டுப் போகவில்லை. ஹோட்ஸெ ஆட்டத்தின் தாளத்தைத் திரை புதுப்பிக்கப்படும் வேகத்திலிருந்து எடுத்திருந்ததால், சிப் எத்தனை வேகமாக இருந்தாலும் சறுக்குபவன் தன் நடையிலேயே போனான். லேவார்டனில் கிளம்பினான். ஸ்னேக், ஐல்ஸ்ட், ஸ்லோட்டன் ஊர்களைத் தாண்டினான். ஸ்டாவோரன் நெருங்கும்போது காற்று திரும்பும், பனி கொட்டத் தொடங்கும். அந்த இடத்தில் திரை ஒரு கணம் கறுத்து, அப்போதுதான் மின்சாரம் போட்டதுபோல் கணினி முதலிலிருந்து தொடங்கியது.

மறுபடி ஓட்டினாள். மறுபடி கறுத்தது.

மின்சாரம் போட்டதுபோல் தொடங்கினால் மின்சாரம் விட்டுப்போயிருக்க வேண்டும். இந்த வேலையில் ஊறிய எவருக்கும் முதலில் அப்படித்தான் தோன்றும். தெத்தா மின்வழங்கியை மாற்றினாள். கெப்பாசிட்டர்களை மாற்றினாள். ஏற்கெனவே ஈயம் வைத்த இடங்களிலெல்லாம் மறுபடி ஈயம் வைத்தாள். போர்டு இன்னும் கொஞ்சம் அசிங்கமானது. கடைசியில் அவள் பார்வை பக்கத்தில் உறுமிக்கொண்டிருந்த வாஷிங் மெஷின்மேல் விழுந்தது.

அவள் கணவன் யெல்மர் நகராட்சிக் குளத்தில் பிள்ளைகளுக்கு நீச்சல் சொல்லிக்கொடுப்பவன். ஈரத் துண்டு இல்லாமல் வீட்டுக்கு வந்த நாளே இல்லை.

“யெல்மர், இனிமே மெஷினைப் போடாதே. அது சுத்துறப்ப கரண்ட் இறங்குது.”

“எப்ப வரைக்கும்?”

“சனிக்கிழமை முடியட்டும்.”

“அதுக்கு இன்னும் எவ்வளவு நாள் இருக்குன்னு தெரியுமா? நான் குளத்துல நிக்கிறவன், தெத்தா. நாத்தம் புடிச்ச துண்டைத் தோள்ல போட்டுக்கிட்டுப் புள்ளைங்க முன்னாடி நிக்கச் சொல்றியா?”

“உன் தங்கச்சி வீட்டுல துவைச்சுக்கோ.”

“நேத்தே கொண்டு போனேன். உங்க வீட்டுல தண்ணி நின்னுபோச்சா, இல்ல உன் பொண்டாட்டி வேலையை விட்டு நின்னுட்டாளான்னு கேக்குறா.”

“என்ன சொன்னே?”

“ரெண்டுமே நிக்கல, பந்தயத்துல ஓடுறவன்தான் நிக்கிறான்னு சொன்னேன். அவளுக்குப் புரியல. எனக்கே புரியல.”

வாஷிங் மெஷின் சும்மா கிடந்தது. ஸ்டாவோரனில் திரை கறுப்பது மட்டும் நிற்கவில்லை. ஒரு பிற்பகல் யெல்மர் காபிக் கோப்பையோடு பின்னால் வந்து நின்றான். சறுக்குபவன் ஸ்லோட்டனைத் தாண்டினான். காற்று திரும்பியது. திரை கறுத்தது.

“இப்பத்தான் மெஷின் ஓடலையே,” என்றான் யெல்மர்.

“ஓடல.”

“அப்புறம் எப்படிப் போச்சு? எங்க வந்து போச்சு?”

“ஸ்டாவோரன்ல.”

“நேத்து?”

“ஸ்டாவோரன்.”

“அதுக்கு முந்தி, மெஷின் ஓடினப்ப?”

தெத்தா விளையாட்டை மறுபடி லேவார்டனிலிருந்து ஓடவிட்டாள்.

“எனக்கு ஒண்ணுதான் விளங்கல,” என்றான் யெல்மர், காபியை ஊதிக்கொண்டே. “நம்ம வாஷிங் மெஷினுக்கு ஸ்டாவோரன் எங்க இருக்குன்னு யாரு சொல்லிக்குடுத்தது?”

அவள் திரும்பி அவனைப் பார்த்தாள். பிறகு மெஷினைப் பார்த்தாள்.

“போய் உன் துண்டைப் போடு,” என்றாள்.

காரணம் தெரியாதபோது கையில் இருக்கிற காரணத்தை எடுத்துக்கொள்வது மனித இயல்பு. தெத்தா ஒவ்வொரு நாளும் கண்ணால் கண்டது வேறு ஒன்று. எப்போதும் அதே ஊர். மின்சாரத்துக்கு ஊர் தெரியாது. புரோகிராமுக்குத் தெரியும்.

அதற்குப் பிறகு கண்டுபிடிக்க அதிக நேரம் ஆகவில்லை. பழைய ‘எண்பது’ சிப்பில், எண்களைப் போட்டுவைக்க இரட்டை இழுப்பறை போல ஒன்று உண்டு. இரண்டையும் சேர்த்துத்தான் இழுக்க வேண்டும் என்றது அதன் கையேடு. ஆனால் சில கட்டளைகளைக் கொடுத்தால் பாதி மட்டும் இழுபடும். கையேட்டில் அந்தக் கட்டளைகள் இல்லை. யாரோ ஒருவர் தற்செயலாகக் கண்டுபிடிக்க, வாய்மொழியாகப் பரவி, பிறகு எல்லோருக்கும் பழகிப்போனது. ஹோட்ஸெ பனி கொட்டும் இடத்தில் அதைத்தான் பயன்படுத்தியிருந்தார். ‘நூற்றெண்பது’ கையேட்டின்படி நடக்கும் சிப். கையேட்டில் இல்லாத கட்டளை வந்தால் அது ஊகிக்காது. ஒரு சின்ன அடையாளத்தை எழுதிவைத்துவிட்டு, மின்சாரம் போட்டதும் எந்த வாசலில் தொடங்குமோ அதே வாசலுக்குப் போய்விடும். அந்த வாசலில் தெத்தா எழுதிவைத்திருந்த புரோகிராம் அடையாளத்தைப் பார்க்கவே இல்லை. விருந்தாளியா, விழுந்து அடிபட்டவரா என்று கேட்காமல் வந்தவர் எல்லோரையும் ஒரே மாதிரி வரவேற்று முதலிலிருந்து தொடங்கியது.

பழையதோடு ஒத்துப்போவது என்றால் என்ன? அதன் சட்டத்தோடு ஒத்துப்போவதா, அதன் பழக்கத்தோடு ஒத்துப்போவதா? சட்டத்தை மட்டும் கேட்டால் ‘நூற்றெண்பது’ செய்தது சரி. ஆனால் ஒரு பொருளோடு பல வருடம் வாழ்ந்தவர்கள் அதன் சட்டத்தோடு வாழ்வதில்லை.

தெத்தா வாசலில் ஒரு காவலை வைத்தாள். அடையாளம் இருந்தால், எந்தக் கட்டளையில் தடுக்கியது என்று பார்ப்பது. அந்த வேலையைக் கையேட்டில் உள்ள கட்டளைகளாலேயே செய்து முடிப்பது. பிறகு விழுந்த இடத்துக்கு அடுத்த அடியில் கொண்டுபோய் நிறுத்திவிடுவது. ஓர் அடி வைக்க வேண்டிய இடத்தில் பல அடிகள் வைக்க வேண்டியிருந்தது. சிப்பின் வேகம் அதைத் தாங்கியது. ஸ்டாவோரனில் காற்று திரும்பியது, பனி கொட்டியது. சறுக்குபவன் குனிந்துகொண்டு ஹிண்டலோப்பன் பக்கம் போனான். கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.

அந்த வித்தியாசமின்மைதான் அவளை உறுத்தியது. மறுநாள் போர்டின் ஓரத்தில் ஒரு சின்ன மஞ்சள் விளக்கை ஈயம் வைத்துப் பொருத்தினாள். காவல் வேலை செய்யும் ஒவ்வொரு முறையும் அது மினுங்கும்.

“இது எதுக்கு?” என்றான் யெல்மர்.

“தடுக்கி விழுறப்ப எல்லாம் எரியும்.”

“யாருக்குத் தெரியணும்னு?”

“பாக்குறவங்களுக்கு.”

“அடிப்பாவி. கல்யாணத்துக்குப் போறவங்க கிழிசலை மறைச்சுக் கட்டுவாங்க. நீ கிழிசல்ல மணி கட்டிக்கிட்டுப் போறே.” அவன் மேசை விளிம்பில் சாய்ந்தான். “கிளப்புல ரோமர்ட் இருப்பான். அவன் சொல்லுவான், இது நிஜமா ஓடலை, ஓடுற மாதிரி பாவ்லா காட்டுதுன்னு. அப்புறம் ஜன்னல் ஓரம். நீ ஊதக்காத்துல நிப்பே, நான் வீட்டுல உனக்குக் கஷாயம் வைப்பேன்.”

“நிக்கிறேன்.”

“அந்த விளக்கு இல்லாட்டி யாருக்கும் தெரியாது தெத்தா.”

“அதுதான். அந்த மேசையில வெச்ச பிறகு நான் பக்கத்துல இருக்க மாட்டேன். நான் இல்லாதப்ப அது பொய் சொல்லக் கூடாது.”

யெல்மர் மெஷினைத் திறந்தான். துண்டுகளை வெளியே எடுத்து மடித்தான்.

சனிக்கிழமை மண்டபம் காபி வாசனையிலும் ஈரக் கோட்டு வாசனையிலும் நிறைந்திருந்தது. மண்டபச் சாவியும் காபிக் குடமும் கிளப்பைச் சேர்ந்த பாவ்கியெயின் பொறுப்பு. ஆளுக்கு ஒரு பிஸ்கட் கொடுத்துவிட்டு டப்பாவை மூடிவிடுவாள்.

“வா தெத்தா. கையைக் கொண்டு வந்திருக்கியா, இல்ல வீட்டுல கட்டிப் போட்டுட்டு வந்தியா?”

“பையிலேயே இருக்கு.”

“போன வருஷமும் பையிலதான் இருந்துச்சு.”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். தெத்தா போர்டைச் சோதனை மேசையில் வைத்து, இணைப்புகளைக் கொடுத்து, ஓரமாக நகர்ந்து, டிரைவர் கோட்டின் பைகளில் கைகளை விட்டுக்கொண்டாள். ஹோட்ஸெ ஊன்றுகோலைச் சாய்த்து வைத்துவிட்டு உட்கார்ந்தார். அவர் முன்னால் திரையும், திரைக்குக் கீழே அந்த ரொட்டித் துண்டும்.

“இம்புட்டூண்டா இருக்கு,” என்றார். “உங்கப்பா வீட்டுக் கன்னுக்குட்டி மாதிரி, பொண்ணே. பொறந்தப்ப எல்லாம் சின்னதுதான். நிக்குமான்னுதான் பாக்கணும்.”

லேவார்டன். ஸ்னேக். அவர் விரல்கள் வயதாகியிருந்தாலும் தாளம் தவறவில்லை. ஐல்ஸ்ட். ஸ்லோட்டன். தெத்தாவின் கைகள் பைக்குள் ஒன்றையொன்று தேடிப் பிடித்துக்கொள்ள முடியாமல் தனித்தனியே வியர்த்தன.

காற்று திரும்பியது. பனி கொட்டியது. போர்டின் ஓரத்தில் மஞ்சள் விளக்கு படபடவென்று மினுங்கத் தொடங்கியது.

ஹோட்ஸெ விளையாட்டை நிறுத்தி வைத்தார். பனி நின்றது, விளக்கும் அணைந்தது. மறுபடி ஓடவிட்டார். விளக்கு மினுங்கியது. மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு திரும்பினார்.

“இது என்ன, பனி பெஞ்சா எரியுது?”

கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லலாம். தெத்தா சொன்னாள். இரட்டை இழுப்பறையையும் பாதி இழுக்கும் கட்டளையையும் வாசல் காவலையும் சொன்னாள். “இந்த சிப்புக்கு உங்க கட்டளை தெரியாது. ஒவ்வொரு தடவையும் தடுக்கி விழுது. நான் தூக்கி நிறுத்துறேன். விழுறப்ப விளக்கு எரியும்.”

சுற்றி நின்றவர்கள் விளக்கைப் பார்க்க நெருங்கி வந்தார்கள். 

“அப்ப இது ஓடல,” என்றார் ரோமர்ட். ரயில்வே சிக்னலில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். உயரமான, நிதானமான மனிதர். கெட்ட எண்ணம் இல்லாதவர், அதனால்தான் அவரோடு வாதாடுவது சிரமம். “ஓடுற மாதிரி காட்டுது. புரோகிராமை மாத்தலதான். ஆனா புரோகிராம் சொன்னதை சிப் செய்யல. வேற எவனோ பின்னாடி ஒளிஞ்சிருந்து செய்யுறான்.”

“ஒளியலையே ரோமர்ட்,” என்றாள் பாவ்கியெ. “விளக்கு போட்டுக்கிட்டு நிக்கிறான்.”

“விளக்கு போட்டுக்கிட்டுத் திருடினா திருட்டு இல்லையா?”

“திருடறவன் விளக்கு போடுவானா?”

“ஹோட்ஸெ சொல்லட்டும். அவர் கட்டளை.”

எல்லோரும் ஹோட்ஸெயைப் பார்த்தார்கள். தீர்ப்பு எப்போதும் ஓட்டிப் பார்த்தவருடையது. அவர் அவசரப்படவில்லை. இடது கையால் தன் இடுப்பைத் தட்டினார்.

“ரோமர்ட், இதுக்குள்ள இரும்பு இருக்கு. லேவார்டன் ஆஸ்பத்திரியில வெச்சாங்க. எலும்பு செய்ய வேண்டிய வேலையை இரும்பு செய்யுது. நான் கார்லேருந்து இறங்கி இங்க வரைக்கும் நடந்து வந்தேனா, இல்ல நடக்கிற மாதிரி காட்டினேனா?”

“உங்க இடுப்புல விளக்கு எரியலையே!” என்றார் ரோமர்ட்.

மண்டபம் சிரித்தது. ஹோட்ஸெயும் சிரித்தார்.

“எரிஞ்சா நல்லதுதான். எங்க என்னால முடியல, எங்க இரும்பு தாங்குதுன்னு எனக்காவது தெரியும்.” அவர் கண்ணாடியை மறுபடி மூக்குக்கு இறக்கினார். “அந்தக் கட்டளையை ஏன் போட்டேன் தெரியுமா? இடம் பத்தல. ஒரு ஓரத்துல நாலு எழுத்து மிச்சம் புடிக்கணும். கையேட்டுல இல்லாததைப் பண்றோமேன்னு அப்ப எனக்கு ஒரு கூச்சம்கூட வரல. கெட்டிக்காரத்தனம்னு நெனச்சேன். இன்னைக்கு இந்தப் பொண்ணு என் கெட்டிக்காரத்தனத்துக்கு விளக்கு போட்டுக் காட்டியிருக்கு. ஸ்டாவோரன்ல இத்தனை தடவை பண்ணியிருக்கேன்னு எனக்கே தெரியாது.”

“அப்ப தீர்ப்பு?” என்றாள் பாவ்கியெ.

“இன்னும் ஏழு ஊர் இருக்கும்மா. பந்தயம் முடியட்டும்.”

அவர் திரும்பி உட்கார்ந்தார். ஹிண்டலோப்பன், வோர்க்கும், போல்ஸ்வார்ட். பனி கொட்டும்போதெல்லாம் விளக்கு மினுங்கியது. யாரும் அதைப் பார்ப்பதை விடவில்லை. ரோமர்ட்கூடக் குனிந்து, எந்த இடத்தில் மினுங்குகிறது என்று கவனித்துக்கொண்டிருந்தார். ஃப்ரானேக்கருக்கு முன் ஹோட்ஸெ ஓட்டிய சறுக்குபவன் ஒருமுறை விழுந்தான். அது அவருடைய விரல் செய்த பிழை, விளக்கு எரியவில்லை. “பாரு, இதுக்கு எரியல,” என்று அவரே சுட்டிக்காட்டினார். டொக்கும் வந்தது. கடைசியில் லேவார்டன் முடிவுக்கோட்டைத் தாண்டியபோது, பந்தயத்தின் கெடுவான இருட்டு திரையில் விழ இன்னும் நேரம் இருந்தது.

ஹோட்ஸெ ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு எழுந்தார். மேசையைத் தட்டவில்லை, கைகுலுக்கவில்லை. “நீள மேசையில வைங்க,” என்றார். பிறகு, நடந்துகொண்டே, “விளக்கை மூடாதே,” என்றார்.

“நான் ஒத்துக்கல,” என்றார் ரோமர்ட்.

“ஒத்துக்க வேணாம். வயரைப் புடி,” என்றாள் பாவ்கியெ. ரோமர்ட் வயரைப் பிடித்தார். போர்டை நீள மேசையின் நடுவில், மற்றவற்றைவிடச் சின்னதாக இருந்ததால் ஒரு மரக்கட்டையின் மேல் ஏற்றி வைத்ததும் அவர்தான். தெத்தா அதுவரை கைகளை வெளியே எடுக்க மறந்திருந்தாள்.

மதியம் பட்டாணிக் கஞ்சி வந்தது. கரண்டி நிமிர்ந்து நிற்கும் பதத்தில், தொத்திறைச்சித் துண்டுகள் மிதக்க. ஓர் ஓரத்தில் உட்கார்ந்து தெத்தா ஒரு கிண்ணம் சாப்பிட்டு முடித்தாள். எதிரே ரோமர்ட் தன் கருப்பு ரொட்டியில் பன்றிக்கொழுப்பை அடுக்கிக்கொண்டே, சட்டம் என்பது ஏன் சட்டம் என்று விளக்கிக்கொண்டிருந்தார். அவள் தலையாட்டினாள். அவர் சொன்னதில் பாதி சரியென்று அவளுக்குத் தோன்றியது. அந்தப் பாதியை மறுக்க வேண்டிய அவசியமும் அவளுக்கு இருக்கவில்லை.

அவள் உட்கார்ந்த இடத்திலிருந்து நீள மேசை தெரிந்தது. மழைக்கோட்டைக் கழற்றாத ஓர் ஆள், கிளப்பைச் சேராதவர், மேசையோரமாக நடந்துவந்து அவளுடைய கணினியின் முன் நின்றார். யாருடையது என்று கேட்கவில்லை. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு உட்கார்ந்தார். ஹோட்ஸெயின் விளையாட்டிலிருந்து வெளியே வந்து, இரண்டு விரல்களால் தேடித் தேடி, பள்ளிக்கூடத்தில் எல்லோரும் முதலில் எழுதும் இரண்டு வரிப் புரோகிராமை எழுதினார்: பெயரை அச்சிடு, மறுபடி அச்சிடு. கடைசிப் பொத்தானை அழுத்தினார்.

அவர் பள்ளியில் படித்த காலத்தில் பெயர் வரி வரியாக இறங்கியிருக்கும், படிக்க நேரம் இருந்திருக்கும். இப்போது திரை முழுவதும் ஒரே நொடியில் பெயரால் நிறைந்து கொதித்தது. அந்த ஆள் நாற்காலியோடு பின்னால் நகர்ந்துவிட்டார். “அடேங்கப்பா!” என்று சத்தமாகவே சொல்லி, சிரித்து, பெயரை அழித்துவிட்டு வேறு ஏதோ எழுத ஆரம்பித்தார்.

“போய் என்ன ஏதுன்னு சொல்ல வேண்டாமா?” என்றார் ரோமர்ட்.

“வேண்டாம்,” என்றாள் தெத்தா. “அவருக்கே தெரியுது.”

கடுகு விழுதுச் சட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, இன்னொரு கிண்ணம் கஞ்சிக்காக பாவ்கியெயைக் கூப்பிட்டாள்.